ஐந்து சென்டிமீட்டர் மனிதர்கள்

சமாதானத்தின் அரசரை வணங்கும் வீட்டில் போர்வீரர்களுக்கு என்ன வேலை? நம் மேசைமீது தலைக்கவசம் அணிந்து, துப்பாக்கி தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சிற்றுருவங்களைக் கண்டு இப்படிக் கேட்டவர் பலர். சிலர் நகைத்துக் கேட்டார்கள். சிலர் வருந்திக் கேட்டார்கள். நகைத்தவர்க்குப் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரு சொல் போதும். வருந்தியவர்க்கு அது போதாது. அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. போரைப் பொம்மையாக்கி விளையாடுவது நல்ல மனத்திற்கு அழகன்று. எனினும் பல ஆண்டுகளாக இக்கைவேலையில் ஈடுபட்டு வருகிற நாம் அதனைக் கைவிடாமைக்குக் காரணம் உண்டு. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல விழைகிறோம்.

முதலில் இந்த வேலை இன்னதென்று அறிமுகம் செய்யவேண்டும். பெட்டியைத் திறந்தால் வீரனைக் காணமுடியாது. பிளாஸ்டிக்கில் வார்த்த சட்டமொன்றில் தலை, மார்பு, கைகள், கால்கள், தண்ணீர்க் குடுவை, தோட்டாப் பை, துப்பாக்கி எனத் தனித்தனி உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் ஓடும் மெல்லிய வரியைக் கத்திமுனையால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பிறகு ஒட்டவேண்டும். இதற்குரிய பசை பிளாஸ்டிக்கைச் சிறிது கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக உருகச் செய்வது. ஒட்டியபின் பிரிப்பது அரிது. அதன்பின் வண்ணம் தீட்டி, மண்ணும் புல்லும் சுவரும் அமைத்த பலகைமீது உருவங்களை நிறுத்தினால் ஒரு காட்சி உருவாகும். இக்காட்சியை ‘டயோராமா’ என்பார்கள். பிற்காலத்தில் புகைப்படக் கலையின் முன்னோடியாகப் புகழ்பெற்ற டாகேர் என்பவர் தம் நண்பருடன் 1822-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் திறந்த ஓவியக் காட்சி அரங்கின் பெயர் அது.

பெரும்பாலான போர்வீரர் உருவங்கள் இன்று முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் வருகின்றன. இந்த அளவு வந்த கதை சுவையானது. ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள டமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ‘பாந்தர்’ என்ற ஜெர்மானிய டாங்கியின் மாதிரியைச் செய்தது. உள்ளே மின்கலங்களும் சிறு மோட்டாரும் அடங்கவேண்டும் என்பதற்காக அதன் பருமனை முடிவு செய்தார்கள். பிறகு கணக்கிட்டபோது அது முப்பத்தைந்தில் ஒன்றாக அமைந்தது. டாங்கியின் அளவுக்கு மனிதனும் வரவேண்டியதாயிற்று. ஆகவே 175 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் நம் மேசைமீது 5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறான். நம் சுண்டுவிரல் அளவே இருக்கிறான்.

சிற்றுருவங்களை நிறுத்திக் காட்சி அமைப்பது கத்தோலிக்கராகிய நமக்குப் புதிதன்று. கிறிஸ்து பிறப்பு நெருங்கினால் காகிதத்தைக் கசக்கி மலை செய்து, வைக்கோல் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளி அமைத்துக் குடில் கட்டுகிறோம். இவ்வழக்கத்தின் தோற்றுவாயைத் தேடினால் 1223-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு இரவுக்கும், இத்தாலி நாட்டின் கிரெச்சோ என்னும் ஊருக்கும் செல்லவேண்டும். அங்கே புனித பிரான்சிஸ் அசிசியார் தீவனத் தொட்டியில் வைக்கோலிட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் அருகில் நிறுத்தி, திருப்பலிக்கு ஏற்பாடு செய்தார். பாலன் இயேசு தம் பிறப்பில் பட்ட இன்னல்களைக் கண்ணாரக் காணவேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது என்று, அவர் வரலாற்றை முதன்முதலில் எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார்.

அந்தப் பிரான்சிஸ் இளமையில் ஒரு போர்வீரர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1202-இல் அசிசி நகரத்தாருக்கும் பெருஜியா நகரத்தாருக்கும் கொல்லெஸ்த்ராதா என்ற இடத்தில் நடந்த சண்டையில் அவர் பிடிபட்டார். ஏறத்தாழ ஓராண்டு சிறையில் கிடந்தார். 1219-இல் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த எகிப்து நாட்டுக்குச் சென்று, தமியேத்தா நகருக்கு அருகே போர்முனையைக் கடந்து, சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். மனிதர் மனிதரை எப்படி மாய்க்கிறார்கள் என்பதை நேரில் கண்ட கண்களே, நான்கு ஆண்டுகள் கழிந்து, கிரெச்சோவில் ஒரு குழந்தையின் குளிரைக் காண விரும்பின. பிறர் பட்ட இன்னலைக் கண்ணாரக் காண்பது: காட்சி அமைக்கும் கலைக்கு இதைவிட உயர்ந்த நோக்கம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இதற்கு மாறான நோக்கோடும் காட்சி அமைக்கலாம். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்ற போரை மாதிரியாகச் செய்யும் பணி, 1830-இல் வில்லியம் சைபோர்ன் என்ற பிரித்தானியப் படை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அப்போர்க்களத்தின் நடுவேயுள்ள பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பங்கேற்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணியளவில் அவரவர் படை எங்கு நின்றது என்று விசாரித்தார். அரசு செலவை ஏற்க மறுத்தபோதும் விடாமல், கடன்பட்டு வேலையை முடித்தார். 1838-இல் இலண்டனில் அம்மாதிரி மக்கள் பார்வைக்கு வந்தது. 70,000-க்கும் மேற்பட்ட ஈய உருவங்கள் அதில் அணிவகுத்து நின்றன. இலண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

சைபோர்னின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள உருவத்திற்கு முகம் இல்லை. அங்கே நாம் வானத்துப் பருந்துபோல், அல்லது குன்றின்மேல் குதிரையில் அமர்ந்த தளபதிபோல், கீழே பார்க்கிறோம். எந்தப் படை முன்னேறியது, எந்தப் படை பின்வாங்கியது என்பது தெளிவாகத் தெரிகிறது. எவன் தாகத்தால் வாடினான், எவன் தன் தாயை நினைத்தான் என்பது தெரிவதில்லை. போரை எண்ணிக்கையாகக் காண்பதற்கு இது உதவும். செய்தித்தாளில் ‘இத்தனை பேர் பலி’ என்று படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறோமே, அந்தப் பார்வையும் இத்தகையதே.

ஐந்து சென்டிமீட்டர் மனிதனுக்கோ முகம் உண்டு. பட்டாணியைவிடச் சிறிய அம்முகத்தைத் தீட்ட நமக்கு இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும். பெரிய சிலையின்மீது விழும் விளக்கொளியே மூக்கின் நிழலையும் கன்னத்தின் குழிவையும் காட்டிவிடும். உருவம் சிறுத்துவிட்டால் அந்நிழல் கண்ணுக்கு எட்டாது. ஆகவே ஒளியையும் நிழலையும் தூரிகையாலேயே வரைந்தாக வேண்டும். முதலில் முகம் முழுவதும் ஒரே நிறம்; அது உலர்ந்தபின் கண்குழியிலும் தாடையின் அடியிலும் கரிய சாயத்தை நீர்க்கவிட்டு ஓடவிடுதல்; பிறகு நெற்றி, மூக்கு, கன்ன எலும்பு ஆகியவற்றின் மேட்டில் வெளிர் நிறத்தைப் பூசுதல். வெண்விழியைத் தூய வெண்மையாகத் தீட்டினால் வீரன் பேயைக் கண்டவன்போல் விழிப்பான்; சற்றே பழுப்புக் கலக்கவேண்டும். மழிக்காத தாடிக்கு மிக மெல்லிய சாம்பல் நிறம் வேண்டும்.

இவ்வளவு அருகிலிருந்து பார்க்கும்போது சில கேள்விகள் தாமாகவே எழும். இவனுக்கு என்ன வயது இருக்கும்? எத்தனை இரவு உறங்காதவன்? இவன் காலணியிலுள்ள சேறு எந்த ஆற்றங்கரைச் சேறு? வண்ணம் கலக்குவதற்கு இவற்றுக்கெல்லாம் விடை வேண்டும். உறங்காதவனின் கண்ணிமை சிவந்திருக்கும். பல நாள் நடந்தவனின் முழங்காலில் துணி வெளுத்திருக்கும். இப்படி ஒருவனை ஆராய்ந்துகொண்டே அவனை வெறுப்பது இயலாத செயல் என்பது நம் அனுபவம். பகைவனை நேசிக்கும்படி ஆண்டவர் சொன்னதன் முதற்படி, பகைவனுக்கும் முகம் உண்டு என்று காண்பதாகவே இருக்கவேண்டும்.

நாம் வாங்கிய பெட்டிகளுள் மிகுதியானவை இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானிய வீரர்களைக் கொண்டவை. அந்தச் சீருடையைத் தீட்டும்போது மனம் கூசாமல் இருப்பதில்லை. அந்த ஆட்சி இலட்சக்கணக்கான யூதரைக் கொன்றது. புனித மாக்ஸிமிலியன் கோல்பேயை 1941-இல் அவுஷ்விட்ஸ் முகாமில் மாய்த்தது. அதன் சின்னங்களை அழகுப் பொருளாகப் பளபளக்கத் தீட்டி அலமாரியில் வைப்பதை நம்மால் ஏற்க முடிவதில்லை. ஆயினும் அச்சீருடைக்குள் இருந்தவர் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தவர் அல்லர் என்பதற்கு, நம் திருச்சபையின் புகழ்பெற்ற மடம் ஒன்றின் வரலாறே சான்று.

புனித ஆசீர்வாதப்பர் ஏறத்தாழ 529-ஆம் ஆண்டில் நிறுவிய மோந்தே கசீனோ மடத்தையே குறிப்பிடுகிறோம். 1943-ஆம் ஆண்டின் இறுதியில் போர்முனை அம்மலையை நெருங்கியபோது, யூலியுஸ் ஷ்லேகல், மாக்ஸிமிலியன் பெக்கர் என்ற இரு ஜெர்மானிய அதிகாரிகள் மடத்தின் அரிய ஏடுகளையும் ஓவியங்களையும் படை லாரிகளில் ஏற்றிப் பத்திரமான இடங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். 1944 பிப்ரவரி 15 அன்று அம்மடத்தைக் குண்டுவீசித் தகர்த்தவை நேச நாட்டு விமானங்கள். உள்ளே தஞ்சம் புகுந்திருந்த ஏழை மக்கள் பலர் மாண்டனர். முதியவரான மடத்துத் தலைவர் கிரெகோரியோ தியமாரே, எஞ்சியவர்களை அழைத்துக்கொண்டு, பெரிய பாடுபட்ட சுரூபத்தை ஏந்தியவராய் மலையிறங்கினார். பின்னர் இடிபாடுகளில் ஜெர்மானியர் அரண் அமைத்துப் போரிட்டனர். மே 18 அன்று போலந்து வீரர்கள் மலையைக் கைப்பற்றினர். மடம் முன்போலவே மீண்டும் எழுப்பப்பட்டது. 1964 அக்டோபர் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அதனை அர்ச்சித்து, புனித ஆசீர்வாதப்பரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார்.

இக்கலையில் ஈடுபட்டோர் கசீனோவின் இடிபாட்டை விரும்பி அமைப்பார்கள். உடைந்த சுவரும் சரிந்த வளைவும் உருவங்களுக்கு நல்ல பின்னணி தரும். நாமும் அதை அமைக்க எண்ணி அப்போரைப் பற்றிப் படித்தோம். படித்துக்கொண்டு போகையில் நம் ஊர்ப் பெயர் ஒன்று எதிர்ப்பட்டது: சுபேதார் சுப்பிரமணியன்.

அவர் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த தமிழர். பாலம் கட்டுவதும் பாதை அமைப்பதும் கண்ணிவெடி அகற்றுவதும் அப்படையின் வேலை. மடம் தகர்ந்து ஒன்பது நாட்கள் ஆன நிலையில், 1944 பிப்ரவரி 24 அன்று, கசீனோவுக்குத் தென்கிழக்கேயுள்ள மிஞ்ஞானோ என்ற ஊருக்கருகில் அவர் தம் குழுவினருடன் கண்ணிவெடிகளைத் தேடி வழி திறந்துகொண்டிருந்தார். உடன் சென்ற ஒருவரின் கால் கண்ணிவெடிமீது பட்டது. அவ்வகை வெடி மிதிபட்டவுடன் வெடிக்காது. வெடிப்பதற்குச் சுமார் நான்கு வினாடி ஆகும். அந்த நான்கு வினாடிக்குள் விலகி ஓடியிருக்கலாம், படுத்திருக்கலாம். சுபேதாரோ அந்த வெடியின்மீதே தம் உடலைக் கிடத்தினார். தோழர்கள் பிழைத்தார்கள், அவர் மாண்டார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் இறுதி இராவுணவின்போது ஆண்டவர் எதனை அன்பின் உச்சம் என்று தம் சீடருக்கு உரைத்தாரோ, அதனை அவர் தம் உடலால் நிறைவேற்றினார். தூய ஆவியானவர் வீசும் திசைகளுக்கு நாம் வேலி கட்ட முடியாது.

இவரை அமைக்க முடிவு செய்தோம். இவருக்கென்று நம்மிடம் பெட்டி எதுவும் இருக்கவில்லை. இந்திய வீரர்களும் பிரித்தானியப் படையினரின் கம்பளிச் சீருடையையே இத்தாலியின் குளிரில் அணிந்ததால், பிரித்தானிய உருவங்கள் இரண்டை எடுத்துக்கொண்டோம். முழங்காலை அறுத்து வளைத்து, இடைவெளியை மக்கு இட்டு நிரப்பி, நிமிர்ந்து நின்றவர்களைக் குனியவைத்தோம். கண்ணிவெடி தேடும் கருவியைச் செப்புக் கம்பியாலும் பிளாஸ்டிக் வில்லையாலும் செய்தோம். அப்போது நேச நாட்டுப் படைகள் பயன்படுத்திய கருவியை உருவாக்கியவர், நாடிழந்து பிரித்தானியாவில் வாழ்ந்த யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்துப் படை அதிகாரி. உயிரைப் பறிக்கும் கருவிகள் நிறைந்த பெட்டிகளுக்கு நடுவே, உயிரைக் காக்கும் கருவியொன்றை நம் கையால் செய்தது மனத்திற்கு நிறைவாக இருந்தது.

வண்ணத்திற்கு வந்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. ‘தோல் நிறம்’ என்று பெயர் ஒட்டிய புட்டி நம்மிடம் இருந்தது. அதனுள் இருந்தது ஐரோப்பியரின் வெளிர் சிவப்பு. மனிதத் தோல் என்றால் அந்நிறமே என்று அப்புட்டி நெடுங்காலமாக நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது; நாமும் நூற்றுக்கணக்கான முகங்களுக்கு அதையே பூசியிருந்தோம். நம் தந்தையரின் நிறம் எந்தப் புட்டியிலும் இல்லை. கலக்கத் தொடங்கினோம். செங்காவியும் கரும்பழுப்பும் அடிநிறம்; மேட்டுக்கு மஞ்சட் காவி; நிழலுக்குச் சிறிது கருநீலம். கரிய தோலில் நெற்றியின் மேட்டில் ஒளி மின்னும். ஆகவே அங்கே ஒரு துளி மெருகு. நான்காம் மாலையில் அம்முகம் நாம் அன்றாடம் பேருந்தில் காண்கிற முகமாயிற்று. படமும் பாராட்டுரையும் தராத நெருக்கத்தை அந்த நிறம் தந்தது.

எந்தக் கணத்தைக் காட்டுவது என்பது அடுத்த வினா. அந்த நான்கு வினாடியைக் காட்ட நமக்குத் துணிவில்லை. அதனைப் பிளாஸ்டிக்கில் காட்டுவது முறையும் ஆகாது. அதற்குச் சற்று முந்திய நேரத்தைத் தேர்ந்தோம். ஈர மண்பாதையில் இருவர் குனிந்து நடக்கிறார்கள். வெடியில்லை என்று உறுதியான பாதையை வெள்ளை நாடாவால் குறிப்பது வழக்கம். மெல்லிய தாள் கீற்றால் அந்நாடாவை அமைத்தோம். அவர்களுக்குப் பின்னால் நாடா நீண்டு கிடக்கிறது. முன்னால் வெறும் மண். பின்வருவோர் அச்சமின்றி நடக்கவேண்டும் என்பதற்காக முன்னே செல்வோரின் வாழ்வு முழுவதும் அக்காட்சியில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பலகையின் ஓரத்தில் பெயர், ஊர், நாள் மட்டும் எழுதியிருக்கிறோம்.

இவ்வளவு சொன்னபிறகும் இக்கலையின் குறை மறையாது. நம் பிளாஸ்டிக் போரில் ஓலமில்லை, நாற்றமில்லை, விதவை இல்லை. எவ்வளவு உண்மையாகத் தீட்டினாலும் இடிபாடு அழகாகிவிடுகிறது. இந்த அழகு பொய் சொல்லக்கூடியது என்பதை மறவாமல் இருப்பதே இதில் ஈடுபடுவோரின் முதற்கடமை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, நகரங்களை மக்களோடு கண்மூடித்தனமாக அழிக்கும் போரைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று கண்டிக்கிறது. அதே ஏடு, நாட்டைக் காக்கும் கடமையை நேர்மையாக ஆற்றும் வீரர் அமைதிக்கு உதவுகிறார் என்றும் மதிக்கிறது. போரை வெறுக்கவும் வேண்டும், வீரனை மனிதனாக மதிக்கவும் வேண்டும். நற்செய்தி காட்டும் வழியும் இதுவே. பெத்லகேமில் மாசில்லாக் குழந்தைகளைக் கொன்றவரும் படைவீரரே. கப்பர்நாகுமில் தம் பணியாளனுக்காக மன்றாடிய நூற்றுவர் தலைவரும், சிலுவையின் அடியில் நின்று உண்மையை அறிக்கையிட்டவரும் படைவீரரே. நம் கோயில் பீடங்களில் நிற்கும் புனித செபஸ்தியாரும் புனித ஜார்ஜியாரும் வேறு யார்?

அன்பு வாசகரே, வருகிற கிறிஸ்து பிறப்புக்குக் குடில் அமைக்கும் நம் பிள்ளைகளிடம், கடையில் வாங்கிய சுரூபத்தை நிறுத்துவதோடு அமையாமல், ஓர் இடையனையாவது கையால் தீட்டச் சொல்லுங்கள். அவன் எத்தனை இரவு விழித்திருந்தான், அவன் கம்பளி எங்கே கிழிந்தது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிதைப் பொறுமையோடு பார்க்கப் பழகிய கண், பெரியதையும் அப்படிப் பார்க்கும். செய்தித்தாளின் எண்ணிக்கைக்குள்ளும் முகங்களைத் தேடும். நவம்பர் மாதத்தில் இறந்தோரை நினைத்துச் செபிக்கும்போது, எந்தக் கொடியின்கீழ் மாண்டவராயினும், போர்களில் மாண்டோர் அனைவருக்காகவும் ஒரு செபம் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் அச்செபத்தின்போது சுபேதார் சுப்பிரமணியனின் பெயரையும் சொல்லுகிறோம்.